பக்கத்துக் கட்டில்

"அந்தப் புள்ளைக்கும் ஒரு கை வேணும்ல சிஸ்டர்?"

ஆயா கேட்டது அவ்வளவுதான். நான் சொன்னதும் சின்ன பதில்தான்: "நீங்க உங்க பேத்தியப் பாருங்க ஆயா, போதும்." நாலு வருஷம் ஆகிவிட்டது. தென்னாப்பிரிக்காவில், இந்த டர்பனில் அதற்கப்புறம் எத்தனையோ நைட் டியூட்டி பார்த்தாயிற்று. (எங்கள் திருநெல்வேலி ஆஸ்பத்திரிகளில் ஆயா என்றால் வார்டு பெருக்குகிறவர், இங்கே தமிழ் வீடுகளில் பாட்டி. வந்த புதிதில் குழம்பியிருக்கிறேன்.)

பேத்திக்குத் தலைப்பிரசவம். வலி ஏறும்போது இடுப்புக்குக் கீழே உள்ளங்கையின் அடிப்பாகத்தை ஊன்றி அழுத்துவார் ஆயா, இறங்கும்போது தளர்த்துவார். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஜூலுப் பெண். அவளுக்கும் தலைச்சன்தான். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகக் கிடந்தாள். அவளுடைய அம்மாவை இடமில்லை என்று வெளியே அனுப்பியது நான்தான். ஆயாவுக்கு மட்டும் எப்படி இடம் வந்தது? தமிழில் கேட்டார், விட்டேன். இதை வார்டில் யாரிடமும் சொன்னதில்லை.

பேத்தி கண்ணயர்ந்த நேரம் ஆயா எழுந்து திரையை விலக்கினார். "பெஃபுமுலா, பெஃபுமுலா." ஜூலு மொழியில், மூச்சு விடு, மூச்சு விடு. அந்தப் பெண் கம்பியை விட்டுவிட்டு ஆயாவின் ஸ்வெட்டர் கையைப் பற்றினாள். அப்போதுதான் தடுத்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. ஒரு கட்டிலிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்று போகலாம். அவளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஏதாவது ஆனால் பதில் சொல்ல வேண்டியவள் நான். சம்மதம் என்று எழுதும்போதே அந்த ஸ்வெட்டர் கை ஞாபகம் வருகிறது.

மாணவிகளுக்கு ஒரு ஆய்வைப் பற்றிச் சொல்லுவேன். 1991இல் வெளியானது, ஜோகன்னஸ்பர்க்கில் நடந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்த 189 பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் துணை வைத்தார்கள். துணை இருந்தவர்கள் அம்மாவோ புருஷனோ இல்லை. முன்பின் தெரியாத, மருத்துவம் படிக்காத சாதாரணப் பெண்கள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், துணையிருந்தவர்களில் 51 சதவீதம் பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்துக்கொண்டிருந்தார்கள், மற்றவர்களில் 29. அப்படி ஒரு அந்நியக் கை அன்றைக்குத் தானாகவே எழுந்து வந்தது. நான் உட்காரச் சொன்னேன்.

விடியற்காலையில் அந்தப் பெண்ணின் குழந்தைக்கு இதயத்துடிப்பு இறங்கியது. சிசேரியன். ஆயா பக்கத்தில் இருந்திருந்தால்? பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் துணையிருந்தவர்களுக்குச் சிசேரியன் குறைவுதான். ஆனால் அது ஊர்க் கணக்கு, அவளொருத்திக்கு அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தாயும் பிள்ளையும் நல்லபடியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள். இதை எனக்கு நானே அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் மொழி பார்ப்பதில்லை என்று முடிக்க நினைத்தேன். போன வாரம் எல்லாக் கட்டிலும் நிறைந்திருந்தது. மூன்று அம்மாக்களைத் திருப்பி அனுப்பினேன். நாலாவதாக வந்தவர் தமிழில் கேட்டார். அவரையும் அனுப்பிவிட்டேன். அவர் மகளும் தனியாகத்தான் பெற்றாள்.