ஹெபெய் கிராமத்து மஞ்சள் குழாய்கள்

பெய்ஜிங் மேற்கு நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் வட சீனாவின் ஹெபெய் மாகாணத்து பாவோடிங் நகரம். அங்கிருந்து பஸ்ஸில் சூயாங் மாவட்டம், கல்சிற்பத்துக்குப் பேர்போன ஊர். குளிர்காலத்தில் போனால் கிராமத்துத் தெருக்களில் கண்ணில் படுவது மஞ்சள் பெயின்ட் அடித்த கேஸ் குழாய்கள். சுவர் சுவராகத் தொற்றிக்கொண்டு ஓடும்.

2017-இல் வட சீனாவின் 28 நகரங்களைச் சுற்றிப் பல கிராமங்களில் வீட்டு அடுப்புகளில் நிலக்கரிக்குத் தடை வந்தது; வீட்டைச் சூடாக்க அதற்குப் பதில் பெரும்பாலும் கேஸ் பாய்லர். பழைய அடுப்பைப் பிடுங்கும் வேலை வேகமாக நடந்தது, குழாய் போடும் வேலை பின்தங்கியது. டிசம்பரில் சூயாங்கின் சில தொடக்கப் பள்ளிகளில் வகுப்பறை குளிர் தாங்காமல் பிள்ளைகளை வெளியே வெயிலில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள். வேலை முடியாத இடங்களில் நிலக்கரி எரிக்கலாம் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் அந்த மாதத் தொடக்கத்தில்தான் அவசரக் கடிதம் அனுப்பியது.

காற்று சுத்தமானது உண்மை. பெய்ஜிங்கில் 2013-இல் கன மீட்டருக்கு 89.5 மைக்ரோகிராமாக இருந்த நுண்தூசி 2020-இல் 38 ஆனது. ஆனால் அதற்கான பில் யார் வீட்டுக்கு வருகிறது?

ஒரு கிராமத்து வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 100 சதுர மீட்டர், வெறும் செங்கல் சுவர், மேலே வெப்பக்காப்பு கிடையாது. கடுங்குளிரில் சதுர மீட்டருக்கு 80 வாட் வெப்பம் வெளியே போனால் நாளுக்கு 20 கன மீட்டர் கேஸ் வேண்டும். கன மீட்டர் 3 யுவான் என்று வைத்தாலும் நாளுக்கு 60 யுவான். கிராமத்து முதியோர் ஓய்வூதியத்தின் தேசியக் குறைந்தபட்சம் 2025-இல் மாதம் 143 யுவான். இரண்டரை நாள்கூடத் தாங்காது. கேஸுக்கான அரசு மானியமோ வருஷத்துக்கு வருஷம் தேய்கிறது. பாய்லரைக் கொடுத்தவர்கள் முதலில் சுவருக்கும் கூரைக்கும் காப்பு போட்டிருக்க வேண்டும்.

பாய்லரை ஒரேயடியாக அணைக்கவும் முடியாது. பாய்லரின் வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரில் தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். 5 டிகிரி வாக்கில் தானாகப் பற்றிக்கொள்ளும் வசதி பாய்லரில் உண்டு, ஆனால் அதற்குக் கரண்டும் இருக்க வேண்டும், முன்பணம் போட்டுவைக்கும் கேஸ் கார்டில் பணமும் இருக்க வேண்டும். அதனால் பெரியவர்கள் ஒரே அறையின் வால்வை மட்டும் திறந்துவைத்து, ஜன்னலுக்கு பிளாஸ்டிக் தாள் ஒட்டி, பகலெல்லாம் தெற்குச் சுவரோரம் வெயில் காய்கிறார்கள். சமையலடுப்புப் புகை அடியில் ஓடிச் சூடேற்றும் 'காங்' என்ற செங்கல் படுக்கை, அடுப்பு போன வீடுகளில் சில்லென்று கிடக்கிறது.

விருந்தாளி வந்தால் பாய்லரை 18 டிகிரிக்கு ஏற்றிவிடுவார்கள். வேண்டாமென்று சொல்லி, கோட்டைக் கழற்றாமல் உட்காருங்கள்.