பதினோராம் பந்தியில் ஒரு சொல்

"கண்காணிப்பு" என்ற சொல்லைப் பதினோராம் பந்தியில் இட்டது நான்தான். 2023 மார்ச்சில் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டமூலம் வர்த்தமானியில் வெளிவந்த பின்னர் எங்கள் சிறிய அமைப்பு தயாரித்த ஆலோசனை அறிக்கையின் தமிழ்ப் பிரதி என் பொறுப்பில் இருந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையினரையும் பயங்கரவாதத் தடுப்பு நடவடிக்கைகளையும் ஆண்டு முழுவதும் கேள்விக்குட்படுத்தப் பாராளுமன்றத்தில் சட்டத்தால் நிறுவப்பட்ட நிரந்தரக் குழு ஒன்று வேண்டும் என்பதே அந்தப் பந்தியின் சாரம். பாராளுமன்ற வழக்கில் இத்தகைய குழுவுக்கு "மேற்பார்வைக் குழு" என்று பெயர். எனக்கு அது தளர்ந்த சொல்லாகப் பட்டது. வேலை நடக்கும் இடத்தில் ஒருவர் ஓரமாக நிற்பதைத்தான் அது நினைவூட்டியது. புலனாய்வுத் துறையின் மீது கண் வைக்கப்போகும் குழு என்றால் அதன் பெயரிலேயே கண் இருக்க வேண்டும் என்று எண்ணினேன். அந்த எண்ணம் பிழையென்று முழுமையாக ஒப்புக்கொள்ள இன்றும் மனம் வரவில்லை.

மட்டக்களப்பில் நடந்த கலந்துரையாடலில் அறிக்கையின் வரைவைப் பந்தி பந்தியாக வாசித்துக்கொண்டு போனேன். பதினோராம் பந்தி முடிந்ததும், இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெண்மணி கையை உயர்த்தாமலே கேட்டார்: "தங்கச்சி, இது ஆரக் கண்காணிக்கிற குழு?"

"பாதுகாப்புத் துறையைத்தான் ராத்தா. அவங்க செய்யிறதப் பாராளுமன்றம் பாக்கிறதுக்கு."

"போன முறையும் பாராளுமன்றத்தில ஒரு குழு இருந்ததுதானே. அது எங்கட முகத்த மூடுறதப் பத்தித்தானே எழுதின?"

நான் தயங்கவில்லை. "அது வேற குழு ராத்தா" என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாம் பந்திக்குப் போய்விட்டேன்.

இந்த நான்கு சொற்களைத்தான் நான் அன்றிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னது எந்தக் குழுவை என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2015ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்குப் பின் உருவாக்கப்பட்ட துறைசார் மேற்பார்வைக் குழுக்களுள் தேசிய பாதுகாப்புக்கான குழுவும் ஒன்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பின்னர் அந்தக் குழு ஆராய்ந்து 2020 பெப்ரவரியில் சமர்ப்பித்த அறிக்கையில் புலனாய்வு பற்றிய பகுதி இருந்தது உண்மை. ஆனால் முகத்தை மூடும் ஆடையைத் தடை செய்வது, மத்ரஸாக் கல்வி, முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், ஹலால் சான்றிதழ் என்று அது போன தூரம்தான் ஊர்களில் பேசப்பட்டது. அரச இயந்திரத்தைப் பார்க்க வேண்டிய கண், அந்த இயந்திரத்தால் ஏற்கெனவே பார்க்கப்பட்டுக்கொண்டிருந்த வீடுகளுக்குள் திரும்பியது. அந்த ராத்தா வாசித்ததோ, அயலில் கேட்டதோ, நினைவில் வைத்திருந்தது அதைத்தான். அறிக்கை வந்து சில நாட்களில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு ஆறுதல் தரக்கூடிய விவரமல்ல.

ஆக, "வேற குழு" என்று நான் சொன்னது எந்த அளவுக்கு உண்மை? நாங்கள் கேட்டது தீர்மானம் ஒன்றால் அமைக்கப்படும் குழுவை அல்ல, சட்டத்தால் அமைக்கப்படும் குழுவை. தலைமை எதிர்க்கட்சிக்கு; அமைச்சர்கள் எவரும் உறுப்பினராக முடியாது; தடுப்புக் காவல் கட்டளைகளின் எண்ணிக்கையும் அவை நீடிக்கப்பட்ட காரணங்களும் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். பிரித்தானியாவின் புலனாய்வுக் குழு 1994இல் சட்டத்தால் அமைக்கப்பட்டதையும், 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே அமைச்சர் எவரும் உறுப்பினராக முடியாது என்பதையும் அடிக்குறிப்பில் எழுதியிருந்தோம். அந்த வகையில் அது வேறு குழுதான். ஆனால் குழு எதைப் பார்க்க வேண்டும் என்று மூன்று பக்கங்கள் எழுதிய நாங்கள், அது யாரைப் பார்க்கக் கூடாது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த வெற்றிடத்தின் மேல் நின்றுகொண்டுதான் நான் அவருக்கு உறுதி சொன்னேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். இப்படியொரு குழு தேவை என்பதை நான் வேலைக்காகச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னேன். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்தது. 21ஆம் திகதி கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் கொழும்பின் மூன்று ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இடையில் 17 நாட்கள். பாதுகாப்புச் சபை ஒழுங்காகக் கூடவில்லை, பிரதமர் அதற்கு அழைக்கப்படவில்லை என்பதெல்லாம் அதே ஆண்டு மே மாதத்தில் நியமிக்கப்பட்ட பாராளுமன்றத் தெரிவுக்குழு ஊடகங்களின் முன் சாட்சியம் கேட்டபோதுதான் நாட்டுக்கு முழுமையாகத் தெரிந்தது. அந்தக் கேள்விகளை இறப்புகளுக்கு முன்பே, மாதந்தோறும் கேட்க ஓர் இடம் இருந்திருக்க வேண்டாமா? கூடாத சபையைப் பற்றி ஒரே ஒரு உறுப்பினராவது "ஏன் கூடவில்லை" என்று கேட்டிருந்தால் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்தும்படி உத்தரவிட்டது பெரிய தீர்ப்பு. ஆனால் நீதிமன்றம் எப்போதும் பிறகுதான் வரும்.

இதை எழுதும்போதே மறுபக்கமும் எழுந்து வருகிறது. அவசரகால நிலைக்கு மாதந்தோறும் பாராளுமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்கிறது. போர்க் காலத்தில் எத்தனையோ மாதங்கள் விவாதம் நடந்தது, வாக்கெடுப்பு நடந்தது, நீடிக்கப்பட்டது. 1979இல் மூன்று ஆண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1982இல் நிரந்தரமாக்கியதும் இதே பாராளுமன்றம்தான். அங்கே இருக்கும் கைகளிலிருந்துதான் எங்கள் குழுவுக்கும் ஆட்களை எடுக்க வேண்டும். சட்டத்தால் அமைத்தாலும், எதிர்க்கட்சி தலைமை தாங்கினாலும், ஒரு குண்டு வெடித்த மறுநாள் அந்தக் குழுவில் உள்ளவர்கள் யாரைப் பற்றிப் பேசுவார்கள் என்பதை ராத்தா ஊகித்தார். நான் ஊகிக்க விரும்பவில்லை.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கும்போது அவர் என்னிடம் வந்தார். எங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் அவருடைய கணவரின் விவரம் பெயரில்லாமல், "நபர் 6" என்று இருந்தது: 2019இல் கைது, தடுப்புக் காவல் கட்டளையின் கீழ் 14 மாதங்கள், வழக்கு எதுவும் தாக்கல் செய்யப்படாமல் விடுதலை. பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போது அனுமதித்த உச்சம் 18 மாதங்கள்; 2022இல்தான் அது 12 ஆகக் குறைந்தது. தடுப்புக் காவல் கட்டளையை யார் பார்வையிடுகிறார்கள் என்ற எங்கள் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான சான்று எங்களிடம் இருக்கவில்லை. புதிய சட்டமூலமோ அந்தக் கட்டளையைப் பிறப்பிக்கும் அதிகாரத்தைப் பிரதிப் பொலிஸ் மா அதிபருக்குக் கொடுக்க முனைந்தது. ராத்தா கையில் ஒரு பிளாஸ்டிக் உறை வைத்திருந்தார். உள்ளே மூன்றாக மடித்த கட்டளையின் பிரதி. மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து தேய்ந்து, திகதியின் மாதம் அழிந்திருந்தது. முதல் முறை அவர் வீட்டுக்குப் போனபோது அந்த மாதத்தைத் தன் வாயால் சொல்லி என்னை எழுதவைத்தவர் அவர்.

"எங்கட தாளை எடுத்திருங்க தங்கச்சி" என்றார். கோபம் எதுவும் குரலில் இல்லை.

பெயர் இல்லையே, ஊர் இல்லையே என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்தேன். ஆனால் ஊரில் அந்தத் திகதியில் பிடிக்கப்பட்டு அத்தனை மாதம் கழித்து வந்தவர் எத்தனை பேர் என்று அவருக்கும் எனக்கும் தெரியும். அவர் முன்னாலேயே அந்தப் பக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன். கொழும்பில் இருந்த மற்றப் பிரதிகளிலிருந்தும் நீக்கினேன். எங்கள் சட்டத்தரணி வருத்தப்பட்டார்; இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அவர் சம்மதித்திருப்பார் என்றார். சம்மதித்திருக்கக்கூடும். "அது வேற குழு" என்று அடித்துச் சொன்ன அதே குரலில் இன்னும் இரண்டு வாக்கியங்கள் போதுமாக இருந்திருக்கும். அதனால்தான் பேசவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். கூட்டத்தில் கேட்ட கேள்வியை இரண்டாவது தடவை எதிர்கொள்ளப் பயந்துதான் பேசவில்லை என்றும் சில வேளைகளில் தோன்றுகிறது.

சொல்லை மாற்றினேன். இறுதிப் பிரதியில் "மேற்பார்வை" என்றுதான் இருக்கிறது. சட்டம் என்று வந்தால் இரு மொழி உரைகளுக்கிடையே முரண் ஏற்படும்போது சிங்கள உரையே மேலோங்கும், ஆகவே தமிழில் எந்தச் சொல்லை இட்டாலும் எடை ஒன்றுதான் என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். எனக்கு அது ஆறுதலாகவில்லை. அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் கேட்டது தமிழைத்தான். ஆனால் சொல்லை மாற்றியதால் அந்தப் பந்தி நேர்மையானது என்றும் சொல்ல முடியவில்லை. முன்பு அச்சம் சொல்லிலேயே தெரிந்தது. இப்போது தெரியவில்லை, அவ்வளவுதான். 2020ஆம் ஆண்டு அறிக்கையைத் தந்த குழுவின் பெயரிலும் இருந்தது "மேற்பார்வை"தானே.

பிறகு பதினோராம் பந்தியின் கீழ் ஒரு வாசகத்தைச் சேர்க்க முயன்றேன்: குழுவின் பணி பாதுகாப்பு நிறுவனங்களின் செயலை ஆராய்வது மட்டுமே, எந்தச் சமூகத்தின் உடை, கல்வி, வழிபாடு, குடும்பச் சட்டம் பற்றியும் அது பரிந்துரை செய்யலாகாது. சட்டத்தரணி அதை இரண்டு முறை வாசித்தார். சில விடயங்களைப் பேசக்கூடாது என்று பாராளுமன்றக் குழுவின் வாயைக் கட்டினால், நாளை ஒரு சமூகத்தை மட்டும் குறிவைத்துக் கைதுகள் நடக்கும்போது, "அது சமூகம் சார்ந்த விடயம், எங்கள் வரம்பில் இல்லை" என்று குழு ஒதுங்கிக்கொள்ளவும் அதே வாசகம் உதவும் என்றார். அவர் சொன்னது சரி. வாசகத்தை நீக்கி அறிக்கையை அனுப்பினோம். செப்டெம்பரில் திருத்திய சட்டமூலம் வந்தபோது தடுப்புக் காவல் அதிகாரம் பாதுகாப்பு அமைச்சின் செயலாளரிடம் மாறியிருந்தது. பாராளுமன்றக் குழு பற்றி நாங்கள் கேட்டது அதில் இல்லை. இரண்டாவது சமர்ப்பணத்துக்காக அந்த வாசகத்தை வேறு வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். ராத்தாவுக்கும் பதிலாக இருந்து, சட்டத்தரணியின் மறுப்புக்கும் தாக்குப்பிடிக்கும் ஒரு வாக்கியம் இதுவரை அமையவில்லை.