ஏழாம் நம்பர் படுக்கை: தீவிர சிகிச்சைப் பிரிவு நாட்குறிப்பு

14 மே 2021, பாளையங்கோட்டை

கொரோனா பிரிவில் இரவுப் பணி முடிந்து கவச உடையைக் கழற்றியபோது, ஆறு மணி நேரம் இரட்டைக் கையுறைக்குள் வியர்வையில் ஊறிய விரல்கள், ஆற்றுப் படித்துறையில் நாளெல்லாம் துணி துவைத்தவரின் விரல்களைப் போல வெளுத்துச் சுருங்கியிருந்தன. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரைக் குப்புறப் படுக்கவைக்க ஐந்து பேர் வேண்டும். தொண்டைக் குழாய் நழுவாமல் ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் புரட்டுவோம். உடல் அலுப்பு எனக்குப் பழக்கம்தான். தூங்கி எழுந்த பின்னும் அது தீராமல் இருப்பதுதான் புதிது.

18 மே

மூன்று மரணங்கள். மூன்று வீடுகளுக்கும் நானே தொலைபேசியில் சொன்னேன். எழுதத் தெம்பில்லை.

22 மே

நேற்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது. அதைவிட என்னைக் கலங்கடித்தது காலையில் வந்த ஓர் அழைப்பு. அம்பாசமுத்திரத்திலிருந்து ஒருவர் தம் தந்தையின் பெயரைச் சொல்லி நிலைமையைக் கேட்டார். ஒன்பது நாட்களாக நான் பார்த்துவரும் மனிதர்தான். ஆனால் பதிவேட்டைப் புரட்டிய பிறகே அவர் எங்கள் 'ஏழாம் நம்பர்' என்பது எனக்குப் பிடிபட்டது.

பணிச்சோர்வை அளக்க 1981இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் உருவாக்கிய அளவுகோல் மூன்றைக் கேட்கிறது: உணர்வு வற்றிப்போதல், எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாத விலகல், எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். இரண்டாவது என்னிடம் எப்போது நுழைந்தது என்றே தெரியவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயென்று சொல்லாமல், சரிவரக் கையாளப்படாத நாள்பட்ட பணி அழுத்தத்தால் விளைவது என்று வகைப்படுத்தியது. என் மனம்தான் பலவீனமானது என்று குமைந்துகொண்டிருந்த எனக்கு அந்த வரையறை பெரிய ஆறுதல். எங்கள் நிர்வாகமோ ஒரு மணி நேரத் தியான வகுப்பு வைத்துவிட்டு, பணிப்பட்டியலை அப்படியே விட்டிருக்கிறது. தியானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்களுக்கு முதலில் வேண்டியது தூக்கம், மாற்று ஆள், விடுப்பு.

29 மே

மூத்த செவிலியரிடம் மனம்விட்டுச் சொன்னேன். "எனக்கும் அப்படித்தாம்மா இருக்கு" என்றவர், அன்று மாலையே பிளாஸ்திரியைக் கிழித்து, ஒவ்வொருவரின் பெயரையும் ஊரையும் தொழிலையும் பேனாவால் எழுதித் தலைமாட்டில் ஒட்டினார். நான்காம் படுக்கையில், பெயருக்குக் கீழே, 'முக்கூடல், பீடி சுற்றும் வேலை'.

6 ஜூன்

ஏழாம் படுக்கையில் இருந்தவர் அதிகாலை மூன்று மணிக்கு இறந்தார். பதிவேட்டைப் பார்க்காமலேயே பெயரைச் சொல்லி மகனிடம் பேசினேன். "அப்பா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார். குழாய் இருந்ததால் பேச முடியவில்லை என்றும், வலி தெரியாதபடி மயக்கத்தில்தான் வைத்திருந்தோம் என்றும் சொன்னேன். அவர் அழுது முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்கவில்லை. பிறகு கை கழுவும் இடத்தில் நின்று நானும் அழுதேன், ஒரு மாதத்தில் முதல் முறையாக.

காலையில் துறைத் தலைவரிடம் இரண்டு நாள் விடுப்பு கேட்டேன். காய்ச்சல் என்று சொல்லாமல், "மனசு தாங்கல சார்" என்றேன். அவர் பணிப்பட்டியலை எடுத்து, என் பெயரை அடித்துவிட்டு, அந்த இடத்தில் தம் பெயரை எழுதினார்.