நான்காவது மெழுகுதிரி

ஊரில் நான் படித்த நம் கல்லூரியின் பரிசளிப்பு விழாவை நினைத்தால், மேடையில் அடுக்கிவைத்த புத்தகங்களும், முதலாம் பிள்ளை, இரண்டாம் பிள்ளை என்று அதிபர் பெயர் வாசிக்கும் குரலும் இன்றும் என் கண்முன்னும் காதிலும் நிற்கின்றன. அந்த மேடையில் நானும் இரண்டு தடவை ஏறியவன். 1985 ஓகஸ்ற் மாதம், அமெரிக்காவில் வைத்தியராக இருந்த மாமாவின் பொறுப்பில் வேர்ஜீனியா மாநிலத்துத் தனியார் இராணுவப் பாடசாலையொன்றின் பத்தாம் வகுப்பில் சேர்ந்தபோது, ஒரு மாணவனை அளப்பதற்குப் புள்ளியைத் தவிர வேறொன்றும் இருக்கக்கூடும் என்று நான் எண்ணியதேயில்லை.

இராணுவப் பாடசாலை என்றதும் படைக்கு ஆள் சேர்க்கும் இடம் என்று நம்மவர் பலர் நினைத்துவிடுகிறார்கள். அது அப்படியல்ல. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணப் பல்கலைக்கழகங்களுக்கே போனார்கள். நம் கல்லூரியில் கடேற் பயிற்சி பாடசாலை விட்ட பிறகு மைதானத்தில் நடப்பது. அங்கேயோ காலை ஆறு மணிக்கு ஊதும் எக்காளத்திலிருந்து இரவு பத்து மணிக்கு விளக்கணையும் வரை முழு நாளும் அதுதான். 1916ஆம் ஆண்டின் அமெரிக்கப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவான, பாடசாலை மாணவருக்கான ஜூனியர் ஆர்.ஓ.ரி.சி. என்ற இராணுவப் பயிற்சி எங்கள் பாடத்திட்டத்திலேயே இருந்தது. தோளில் உள்ள பட்டியைப் பார்த்தே யார் யாருக்கு வணக்கம் வைப்பது என்று தெரிந்துகொள்ள வேண்டும். சப்பாத்து மினுங்காவிட்டால் குறைப்புள்ளி. குறைப்புள்ளி கூடினால் சனிக்கிழமை பின்னேரம் துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி நடக்க வேண்டும்.

இந்தப் படிநிலையெல்லாம் செல்லாத இடமாக அங்கே இருந்தவை, சிறந்த மாணவரைத் தெரிந்து சேர்க்கும் கல்விக் கௌரவச் சங்கங்கள். எங்கள் பாடசாலையில் இரண்டு இருந்தன. ஒன்று நஷனல் ஹொனர் சொசைற்றி; 1921இல் அமெரிக்க இடைநிலைப் பாடசாலை அதிபர்களின் சங்கம் தொடங்கியது. அதன் முதற் கிளை பென்சில்வேனியா மாநிலத்துப் பிற்ஸ்பேர்க் நகரில், எட்வேர்ட் றைனியர்சன் அதிபராயிருந்த ஃபிஃப்த் அவெனியூ உயர்தரப் பாடசாலையில் அமைந்தது. பென்சில்வேனியாவை வளைவின் நடுக்கல் (கீஸ்ரோன்) மாநிலம் என்று அழைப்பார்கள்; சங்கத்தின் சின்னத்திலும் அந்த நடுக்கல்லும் அதன்மேல் எரியும் தீப்பந்தமும் இருக்கின்றன. மற்றது கம் லௌடே சொசைற்றி. இது 1906இல் மேரிலண்ட் மாநிலத்தின் ரோம் (Tome) பாடசாலையில், வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் 1776இல் பிறந்த ஃபை பீற்றா கப்பா என்ற கல்லூரி மாணவர் கௌரவச் சங்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டது. இறுதி வகுப்பில் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மேல் அதில் சேர்க்க முடியாது. ஆங்கில இலக்கியத்தில் எனக்குக் கிடைத்த புள்ளிகள் அந்தப் பங்குக்குள் என்னைக் கொண்டுபோகவில்லை. ஆகவே நான் உள்ளிருந்து அறிந்த சங்கத்தைப் பற்றியே எழுதுகிறேன்.

நஷனல் ஹொனர் சொசைற்றி நான்கு தூண்களைச் சொல்கிறது: கல்வி, சேவை, தலைமை, ஒழுக்கம். கல்வியில் சராசரி 85 புள்ளி இருந்தால் வாசல்வரை போகலாம், அவ்வளவுதான். அதற்கப்பால் அதிபர் நியமித்த ஐந்து ஆசிரியர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மற்ற மூன்றையும் ஆராய்ந்து வாக்களிப்பார்கள். தெரிவாகாதவர் பெயர் வெளியே சொல்லப்படாது. தெரிவானவரும் அதன்பின் தளர்ந்தால் விசாரித்து நீக்கப்படலாம். ஒருமுறை நீக்கப்பட்டவர் மறுபடி ஒருபோதும் சேர முடியாது. பரிசாகப் பெற்ற புத்தகத்தை எவரும் திருப்பிக் கேட்பதில்லை. இது திருப்பிக் கேட்கக்கூடிய ஒன்று என்பதுதான் எனக்கு முதலில் விளங்காமலிருந்தது.

1985 கார்த்திகையில் என் அறைத்தோழன், ஜோர்ஜியா மாநிலத்துப் பையன், கேத்திரகணிதத்தில் திணறிக்கொண்டிருந்தான். இரவு இரண்டு மணிநேரப் படிப்பு வேளையில் நான் என் கொப்பியை அவன் மேசைக்குத் தள்ளிவிட்டேன். ஊரில் நண்பனுக்குச் செய்வதைத்தான் செய்தேன் என்றே நினைத்தேன். அங்கேயோ பொய் சொல்வதும் ஏமாற்றுவதும் களவெடுப்பதும் மட்டுமல்ல, அதைச் செய்பவனைப் பொறுத்துக்கொள்வதும் குற்றம். மாணவர் விசாரணைச் சபை முன் இருவரும் நின்றோம். புதியவர்கள் என்பதால் எச்சரிக்கையோடும் சில வாரத் தண்டனை நடையோடும் விட்டார்கள். அவன் அந்தப் பாடத்தில் அந்த ஆண்டு சித்தியெய்தவில்லை.

அடுத்த வசந்தகாலத்தில் என் சராசரி 93. சங்கத்துக்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன், தெரிவாகவில்லை. கணித ஆசிரியர் என்னை வகுப்பறையில் இருத்தி, குரலை உயர்த்தாமல், புள்ளி போதும் என்றும், நான் அந்தப் பையனுக்கு விடையைக் கொடுத்தேனே தவிரக் கணக்கைக் கொடுக்கவில்லை என்றும் சொன்னார். அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது சரி என்பதை உணர எனக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன.

அந்தப் பையன் பதினோராம் வகுப்பில் கேத்திரகணிதத்தை மறுபடி எடுத்தான். செவ்வாயும் வியாழனும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நூலகத்தின் மூலை மேசையில் அவனோடு இருந்தேன். முக்கோணங்கள் ஒருங்கிசைவதை நிறுவும்போது ஒவ்வொரு வரிக்கும் “ஏன்?” என்று மட்டும் கேட்பேன், பென்சிலைத் தொடமாட்டேன். யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்த என் அப்பாவிடமிருந்து வந்த வழக்கம் அது. தை மாதமளவில் வேறு மூவர் வந்து சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் கொம்பனியின், அதாவது மாணவர் படைப்பிரிவின், கப்ரின். காலையில் நான் வணக்கம் வைக்கும் அவர், இரவில் என் முன்னால் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சைன், கோசைன் கேட்டார்.

1987 ஏப்ரலில் தெரிவானேன். விழா பாடசாலைத் தேவாலயத்தில், முழுச் சீருடையில் நடந்தது. நடுவே ஒரு பெரிய மெழுகுதிரி. அதிலிருந்து நான்கு சிறியவற்றை நான்கு உறுப்பினர்கள் ஏற்றி, ஒவ்வொரு தூணையும் பற்றி ஓரிரு வசனங்கள் பேசினார்கள். நான்காவது மெழுகுதிரியை ஏற்றும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையில் தந்த திரியின் மெழுகு வெள்ளைக் கையுறையின் பெருவிரலில் சொட்டி, பாலாடைபோல் உறைந்தது. பின்னர் பெயரேட்டில் ஒப்பமிட வேண்டும். நம் வழக்கப்படி அப்பாவின் பெயரை நான் முதலெழுத்தாகத்தான் எழுதியிருந்தேன்; அங்கே அது குடும்பப் பெயராகி, நெஞ்சிலிருந்த பெயர்த்தகட்டில் அவர் பெயரே இருந்தது. இரண்டு ஆண்டுகளாக எல்லோரும் என்னை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். விசாரணைச் சபையும் அந்தப் பெயரைத்தான் வாசித்தது. ஏட்டில் அதை எழுதும்போது, எழுத்துக் கோணாமல் இருக்க மெதுவாக எழுதினேன்.

அன்றிரவே எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதினேன். மறைத்துவைத்திருந்த கொப்பிக் கதையையும் சேர்த்து. நாட்டு நிலைமையால் பதில் வர யூன் கடைசியாகிவிட்டது. நீலநிற வான் கடிதத்தில், மாமாவின் சுகம் விசாரித்து, அம்மாவின் மூட்டுவலியைச் சொல்லி, சங்கத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், கடைசியில் கேட்டிருந்தார்: “அந்தப் பிள்ளை கேத்திரகணிதத்தில் எப்படிச் செய்தான்?”

அவன் 78 புள்ளி பெற்றுச் சித்தியெய்தினான் என்று அன்றே பதில் எழுதினேன்.