வேர்க்கக் கூடாத வேலை

கடுங்குளிரில் வெளிவேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தரும் விதி, வேர்க்கக் கூடாது என்பது. மைனஸ் 35 டிகிரியில் நிற்கப்போகிற ஆளிடம் வேர்வையைப் பற்றிப் பேசினால் சிரிப்புத்தான் வரும். எங்களை ஸ்னோமொபைலில் கூட்டிப்போன உள்ளூர்ப் பெரியவர் சிரிக்கவில்லை. "மெதுவா செய். வேர்த்தா உள்சட்டை நனையும். வேலையை நிறுத்தின நிமிஷம் அதுவே உன்னைக் கொல்லும்" என்றார். பகல் முழுக்க அவர் கவனித்தது எங்கள் முகத்தில் உறைபனி ஏறுகிறதா என்பதையும், யாராவது கழுத்துப் பட்டையைத் தளர்த்துகிறார்களா என்பதையும்தான்.

இடம், கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் உள்ள இனுவிக். ஆர்க்டிக் வட்டத்துக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வடக்கே, மெக்கன்ஸி ஆற்றின் கழிமுகத்தில் சுமார் 3,000 பேர் வாழும் சிற்றூர். டிசம்பர் தொடக்கத்தில் மறையும் சூரியன் ஜனவரி முதல் வாரத்தில்தான் திரும்ப எட்டிப்பார்க்கும். ஊருக்கு வெளியே டன்ட்ராவில், அதாவது மரம் வளராத உறைநில வெளியில், நிற்கும் ஒரு தகவல்தொடர்பு கோபுரத்தின் பேட்டரிகளை மாற்றுவது எங்கள் வேலை. சோலார் தகடுகளுக்கு ஒரு மாதம் வெயிலே கிடையாது. இலையுதிர் காலத்தில் சேர்த்த மின்சாரம் அதுவரை தாங்கவில்லை.

முழுக்க சார்ஜ் ஆன லெட்-ஆசிட் (ஈய-அமில) பேட்டரி மைனஸ் 50 வரைகூட உறையாமல் இருக்கும். சார்ஜ் இறங்க இறங்க அமிலம் நீர்த்துக்கொண்டே போகும். முற்றிலும் இறங்கிவிட்டால் உள்ளே இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான். மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். நாங்கள் கதவைத் திறந்தபோது இரண்டு பெட்டிகளின் பக்கவாட்டுகள் புடைத்து, மூடியோரம் விரிசல் விட்டிருந்தன.

நட்டைக் கழற்றுவது சாதாரணமாகப் பேச்சுக்கு நடுவே முடிகிற வேலை. இங்கே தடித்த கையுறையோடு நட்டு பிடிபடாது. கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளே போட்டிருக்கும் மெல்லிய உறையோடு தொட்டால், விரல் நுனி முதலில் எரியும், பிறகு மரத்துப்போகும். மரத்த விரலுக்கு நட்டு கையில் இருக்கிறதா, பனியில் விழுந்துவிட்டதா என்றே தெரியாது. அதனால் ஒருவர் கழற்ற, இன்னொருவர் கீழே துணியை விரித்துப் பிடிக்க, மாறி மாறிச் செய்தோம். சாதாரண பிவிசி உறை போட்ட வயரை வளைத்தால் பட்டென்று உடையும். ஆர்க்டிக் தரம் என்று தனியாக விற்கும் வயர்தான் வளைந்து கொடுக்கும். மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் திரையில் எண்கள் ஒன்றின்மேல் ஒன்று ஊர்ந்து மாறின. மீட்டரைக் கோட்டுக்குள் மார்போடு வைத்துச் சூடேற்றி எடுத்தால்தான் அடுத்த அளவைப் பார்க்க முடிந்தது.

ஊர் திரும்பியதும் கருவிகளைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுபோகவும் தடை. மடிக்கணினியைக் குளிரிலேயே பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் மூடி, உள்ளே கொண்டுவந்து சில மணி நேரம் தொடாமல் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் அறைக்காற்றின் ஈரமெல்லாம் சில்லிட்ட சர்க்யூட்டின் மேல் நீராகப் படியும். குளிரைத் தாங்கிய இயந்திரம் கதகதப்பில் சாகும்.

இதற்குப் பிறகுதான் ஊரையே வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். அந்த ஊர் முழுக்கச் சூட்டுக்குப் பயந்து கட்டப்பட்டது. கீழே இருப்பது பெர்மாஃப்ராஸ்ட், அதாவது ஆண்டு முழுவதும் உருகாத நிலம். அதில் பனிக்கட்டி நிறைய. அதன்மேல் வீட்டைத் தரையோடு தரையாகக் கட்டினால், வீட்டின் சூடு கீழே இறங்கி மண் சேறாகி, சுவர் சாயும். எனவே கட்டடங்கள் ஆழமாக இறக்கிய தூண்கள்மேல் நிற்கின்றன. தரைக்கும் வீட்டுக்கும் நடுவே குளிர்காற்று ஓட இடம் விட்டிருக்கிறார்கள். தண்ணீர், கழிவுநீர்க் குழாய்களையும் புதைக்க முடியாது. யூட்டிலிடார் என்ற காப்பிட்ட உலோகப் பெட்டிக்குள் அவை வீடுகளின் பின்புறமாகத் தரைக்கு மேலே ஓடுகின்றன. எங்கும் மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் ஊரின் குடல் இங்கே கண்ணெதிரே கிடக்கிறது. பராமரிப்பு வேலையில் இருக்கிறவனுக்கு இதைவிடச் சுவையான வேடிக்கை கிடையாது. துருவ ஒளியை நின்று பார்த்த நேரத்தைவிட அந்தக் குழாய்களை வெறித்துப் பார்த்த நேரம்தான் அதிகம் என்று சக ஊழியர் கிண்டலடித்தார். உண்மைதான்.

 

சாலையும் இதே கதைதான். இனுவிக்கைத் தெற்கோடு இணைக்கும் டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை பீல், மெக்கன்ஸி ஆறுகளைக் கோடையில் படகிலும் குளிர்காலத்தில் பனிப்பாலத்திலும் கடக்கிறது. ஆறு உறையும் வாரங்களிலும் உடையும் வாரங்களிலும் இரண்டுமே கிடையாது. அப்போது கடைகளில் காய்கறி, பால் விலை ஏறும். இனுவிக்கிலிருந்து வடக்கே கடலோர ஊரான டுக்டோயாக்டுக்குக்குப் போகும், 2017 நவம்பரில் திறந்த சாலையின் மண் நிரப்பும் வேலையைப் பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் செய்தார்கள். நிலம் உறைந்திருக்கும்போதே அதை வெட்டாமல், மேலே துணிவிரிப்பு போட்டுச் சரளையைக் கொட்டினார்கள். கோடையில் கனரக வண்டி இறங்கினால் டன்ட்ராவின் மேல்தோல் கிழிந்து, அந்தத் தடம் பல பத்தாண்டுகள் ஆறாது.

பழுதை முடித்துக் கிளம்பும்போது தலைமை அலுவலகத்திலிருந்து அக்கறையான மின்னஞ்சல் வந்தது: மிச்ச பேட்டரிகளை ஜூலையில் மாற்றலாமே, இதமாக இருக்குமே என்று. ஜூலையில் கோபுரத்தைச் சுற்றிச் சதுப்பும் கொசுவும்தான். அத்தனை பேட்டரிகளையும் ஹெலிகாப்டரில்தான் தூக்க வேண்டும். மார்ச் மாதம் கேட்டு எழுதினேன்: பகல் நீண்டிருக்கும், ஆறும் நிலமும் இறுகியிருக்கும், சாமான் முழுவதும் சறுக்குவண்டியில் போய்விடும். ஆள்களுக்கு ஆளுக்கு இரண்டு ஜோடி உள்சட்டை கூடுதலாக வேண்டும் என்றும் சேர்த்தேன். முதல் ஜோடி எப்படியும் நனையும்.