கோர்களை எண்ணுவதற்கு முன்

புதிய ப்ராசஸர் வாங்குவது என்று முடிவான பிறகு, எதையும் வாங்காமல் ஒரு வாரம் என் பழைய கம்ப்யூட்டரையே கவனித்துக்கொண்டிருந்தேன். நான்கு கோர் (தனித்தனியே கணக்கிடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைச் சரடு) கொண்ட ப்ராசஸர் அது. மாலையில் கேம் ஆடவும் இரவில் வீடியோ எடிட் செய்யவும் பல ஆண்டுகளாக அதைத்தான் பயன்படுத்தி வந்தேன். அதன் மீது எனக்கு இரண்டு குறைகள் இருந்தன. கேமில் ஆள் நடமாட்டம் மிகுந்த கடைத்தெருவுக்குள் நுழைந்தால் படம் விட்டு விட்டு நகரும். எடிட் முடித்த வீடியோவை எக்ஸ்போர்ட்டுக்கு, அதாவது இறுதிக் கோப்பாக மாற்றக் கொடுத்தால் விடியும்வரை ஓடும். இரண்டுக்கும் கோர் போதாமைதான் காரணம், பதினாறு கோர் வாங்கிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடும் என்று நினைத்திருந்தேன். கவனித்துப் பார்த்தபோது, இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்பது தெரிந்தது. இதே முடிவை எடுக்கவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

முதலில் கேம். டாஸ்க் மேனேஜரில் ப்ராசஸர் வரைபடத்தின் மீது வலது கிளிக் செய்து, ஒவ்வொரு த்ரெட்டையும் தனித்தனிக் கட்டமாகக் காட்டும்படி மாற்றி, அதை இரண்டாவது மானிட்டரில் வைத்துக்கொண்டு அந்தக் கடைத்தெருவுக்குள் நடந்தேன். ஒரு கட்டத்தில் கோடு உச்சியைத் தொட்டு நின்றது. மற்ற மூன்றும் பாதி உயரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஆனால் இந்தக் கட்டங்களை மட்டும் நம்பி முடிவுக்கு வரக் கூடாது. விண்டோஸ் ஒரே த்ரெட்டை ஒரு கோரிலிருந்து இன்னொரு கோருக்கு அவ்வப்போது மாற்றிக்கொண்டிருப்பதால், முழுத்திறனில் ஓடும் ஒரு த்ரெட்டின் சுமை பல கட்டங்களில் சிதறித் தெரியலாம். மொத்தப் பயன்பாடு என்று காட்டப்படும் எண்ணோ இன்னும் ஏமாற்றும். பன்னிரண்டு த்ரெட் கொண்ட ஒரு ப்ராசஸரில் ஒரே ஒரு த்ரெட் மூச்சு முட்ட ஓடிக்கொண்டிருந்தால், மொத்தம் 8 சதவீதம் என்றுதான் அங்கே இருக்கும்.

அதனால் இன்னொரு சோதனையையும் செய்தேன். இது எல்லோரும் ஐந்து நிமிடத்தில் செய்து பார்க்கக்கூடியது. அதே இடத்தில் நின்றுகொண்டு, கேமின் ரெசொல்யூஷனை 1440பியிலிருந்து 720பிக்குக் குறைத்தேன். வரைய வேண்டிய புள்ளிகள் கால் பங்காகக் குறைகின்றன, எனவே கிராஃபிக்ஸ் கார்டின் வேலை வெகுவாகக் குறைகிறது. ஆயினும் ஒரு நொடிக்கு வரையப்படும் படங்களின், அதாவது ஃப்ரேம்களின், எண்ணிக்கை அசையவே இல்லை. கார்டு ப்ராசஸருக்காகக் காத்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. ஃப்ரேம்கள் கணிசமாகக் கூடியிருந்தால், ப்ராசஸருக்கு ஒதுக்கிய பணத்தைக் கார்டுக்குத் திருப்பியிருப்பேன்.

ஏன் அப்படிக் காத்திருக்கிறது? நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒவ்வொரு ஃப்ரேமையும் 16.7 மில்லி நொடிக்குள் முடித்தாக வேண்டும். 144 ஃப்ரேம் என்றால் 6.9 மில்லி நொடிதான். அதற்குள் ஆடுபவரின் கட்டளையைப் படித்து, பாத்திரங்களின் அடுத்த அசைவைக் கணக்கிட்டு, எதையெல்லாம் வரைய வேண்டும் என்ற பட்டியலைத் தயாரித்துக் கார்டுக்கு அனுப்ப வேண்டும். இவற்றில் பல, ஒன்றின் விடை தெரிந்த பிறகே அடுத்ததைத் தொடங்கக்கூடிய வேலைகள். இன்றைய கேம் என்ஜின்கள் முடிந்தவரை பிரித்துக் கொடுக்கின்றன என்றாலும், பிரிக்க முடியாத மிச்சம் பெரும்பாலும் ஒரே த்ரெட்டின் தலையில்தான் விழுகிறது.

எக்ஸ்போர்ட்டின் போது கண்ட காட்சி வேறு. நான்கு கட்டங்களும் உச்சியில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை. வீடியோவைத் துண்டு துண்டாகப் பிரித்து எல்லாக் கோர்களுக்கும் பங்கிட முடிவதால், இங்கே கூடுதல் கோர் என்பது ஏறக்குறைய நேரடியாகவே நேரக் குறைப்பு.

இந்த வேறுபாட்டைக் கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே முன்வைத்துவிட்டார். அவருடைய பெயரில் வழங்கும் விதிப்படி கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு வேலையில் 90 சதவீதத்தைப் பங்கிட முடியும் என்றால், எட்டுக் கோர்கள் அதை 4.7 மடங்கு வேகமாக்கும். பதினாறு கோர்கள் 6.4 மடங்கு. பாதியை மட்டுமே பங்கிட முடியும் என்றால் எட்டுக் கோரில் 1.78 மடங்கு, பதினாறில் 1.88 மடங்கு. கோர்களை இரட்டிப்பாக்கியும் கிடைப்பது கண்ணுக்கே தெரியாத முன்னேற்றம். என் கேம் இந்த இரண்டாவது வகைக்கு அருகில் இருந்தது. எக்ஸ்போர்ட் முதல் வகையையும் தாண்டி நின்றது.

பழைய கதை ஒன்றும் இங்கே நினைவுக்கு வருகிறது. பென்டியம் 4 ப்ராசஸரை 4 கிகாஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 400 கோடி துடிப்பு) கொண்டுபோகும் திட்டத்தை 2004இல் இன்டெல் கைவிட்டது, 3.8இலேயே சூடும் மின்செலவும் கட்டுக்குள் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே இன்டெல், ஏஎம்டி இரண்டும் இரண்டு கோர் கொண்ட டெஸ்க்டாப் ப்ராசஸர்களைக் கொண்டுவந்தன. சில ஆண்டுகள் கழித்து, 2.4 கிகாஹெர்ட்ஸில் நான்கு கோர் கொண்ட க்யூ6600 நல்லதா, 3 கிகாஹெர்ட்ஸில் இரண்டு கோர் கொண்ட இ8400 நல்லதா என்ற வாதம் ஓயாமல் நடந்தது. அன்றைய கேம்களில் இரண்டு கோர்தான் பெரும்பாலும் முன்னால் நின்றது. நான்கு கோர்களைக் கேட்கும் கேம்கள் வந்த பிறகு க்யூ6600 வாங்கியவர்கள் கூடுதல் காலம் தாக்குப் பிடித்தார்கள். இரு தரப்பும் சொன்னது சரிதான், காலம்தான் வேறு. இன்று இதற்கு ஓர் அளவுகோல் உண்டு: 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டிலும் ஏஎம்டியின் ஜென் 2 வடிவமைப்பில் எட்டுக் கோர்கள் இருக்கின்றன, பெரிய கேம்கள் அவற்றை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. ஆகவே புதிதாக வாங்குபவர் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்டுக்குக் கீழே போக வேண்டாம் என்பதும், எட்டு இருந்தால் நிம்மதி என்பதும், கேமுக்காக மட்டும் அதற்கு மேல் செலவிடுவது வீண் என்பதும் என் கருத்து.

கோர்களை விடக் கேமுக்கு முக்கியமானதாக நான் கருதுவது கேச், அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளம்பரங்களில் கோர், கிகாஹெர்ட்ஸ் இரண்டும் பெரிய எழுத்தில் இருக்க, இது மூலையில் கிடக்கிறது. ராமிலிருந்து ஒரு தரவு ப்ராசஸருக்கு வந்து சேர ஏறத்தாழ 70, 80 நானோ நொடிகள் ஆகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோருக்கு அது 350 முதல் 400 துடிப்புகள். அந்தத் தரவு இல்லாமல் நகர முடியாத த்ரெட் அவ்வளவு நேரமும் சும்மா நிற்கும். அதே தரவு ப்ராசஸரின் பெரிய கேச்சான எல்3 கேச்சில் இருந்தால் பத்து நானோ நொடி அளவில் கைக்கு வந்துவிடும். கேம் உலகத்தில் நூற்றுக்கணக்கான பாத்திரங்களும் பொருள்களும் நினைவகத்தில் சிதறிக் கிடக்க, ஒவ்வொரு ஃப்ரேமிலும் அவற்றையெல்லாம் தொட்டுப் பார்க்க வேண்டியிருப்பதால், கேச் பெரிதாக இருப்பதன் பயன் அங்கே அப்படியே தெரிகிறது.

இதற்குச் சிறந்த சான்று ஏஎம்டியின் 2022ஆம் ஆண்டுப் ப்ராசஸரான ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதன் அண்ணனான 5800எக்ஸிலும் அதே எட்டு ஜென் 3 கோர்கள்தான்; உச்ச வேகம் அண்ணனுக்கு 4.7, தம்பிக்கு 4.5 கிகாஹெர்ட்ஸ். ஆனால் கோர்கள் இருக்கும் சில்லின் மேல் இன்னொரு கேச் சில்லை அடுக்கி, எல்3 கேச்சை 32 மெகாபைட்டிலிருந்து 96 ஆக்கியிருந்தார்கள். வேகம் குறைந்த தம்பி கேம்களில் அண்ணனை முந்தியது. வீடியோ என்கோடிங் (எக்ஸ்போர்ட்டின்போது வீடியோவைச் சுருக்கி எழுதுவது), ரெண்டரிங் (காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்குவது) போன்ற வேலைகளில் அண்ணனே சற்று முன்னால் நின்றது. கேமும் மல்டிமீடியாவும் ப்ராசஸரிடம் கேட்பது வேறு வேறு என்பதை இந்த ஒரு ஜோடி அளவுக்கு வேறெதுவும் எனக்கு விளங்க வைத்ததில்லை. அதே வழியில் 2023இல் 7800எக்ஸ்3டியும், 2024இல் கேச்சைக் கோர்களுக்கு அடியில் வைத்துச் சூட்டைக் குறைத்த 9800எக்ஸ்3டியும் வந்தன.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் கோர் எண்ணிக்கையைப் படிப்பதற்கும் இப்போது பழக்கம் வேண்டும். இன்டெல் 2021இல் பன்னிரண்டாம் தலைமுறையிலிருந்து பெரிய கோர், சிறிய கோர் என்று இரண்டு வகையைக் கலந்து தருகிறது. கோர் ஐ5-13600கே என்ற மாடலில் பதினான்கு கோர் என்றால், அவற்றில் ஆறு பெரியவை, எட்டு சிறியவை. பெரியவை ஒவ்வொன்றும் இரண்டு த்ரெட் தர, மொத்தம் இருபது த்ரெட். கேமின் முக்கியமான த்ரெட்டுகளைப் பெரிய கோர்களில் ஓட்டத்தான் விண்டோஸ் முயலும். என்கோடிங்கின்போது சிறியவையும் மனமாரத் தோள் கொடுக்கும். எனவே அந்த ஐ5, கேம் கணக்கில் ஆறு கோர் ப்ராசஸர், எக்ஸ்போர்ட் கணக்கில் அதைவிட மிகப் பெரியது. ஏஎம்டியின் பதினாறு கோர் 7950எக்ஸ்3டியிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு: கூடுதல் கேச் எட்டுக் கோர்களுக்குத்தான், மற்ற எட்டுக்கு இல்லை.

மல்டிமீடியா என்று பொதுவாகச் சொல்வதும் போதாது. எடிட் செய்யும்போது டைம்லைனில் முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கையில் படம் தடங்கலின்றி ஓட வேண்டும் என்றால், அதற்குத் தேவை கோர்களைவிட, வீடியோவை விரித்துக் காட்டும் தனி வன்பொருள். இன்டெல் 2011 முதல் க்விக் சிங்க் என்ற பெயரில் இதை உள்கிராஃபிக்ஸுடன் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி) சேர்த்துத் தருகிறது. மாடல் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் உள்கிராஃபிக்ஸ் கிடையாது, ஆகவே இதுவும் கிடையாது. பல கேமராக்கள் பதிவு செய்யும் 10 பிட் 4:2:2 ஹெச்இவிசி (நிற விவரம் மிகுந்த ஒரு வடிவம்) வீடியோவை என்விடியா கார்டுகள் 2025இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசையிலிருந்துதான் வன்பொருளில் விரிக்கின்றன. இன்டெல்லின் அண்மைத் தலைமுறை உள்கிராஃபிக்ஸ் அதற்கு முன்பே செய்துவந்தது. எடிட்டிங்குக்காகவே வாங்குபவர் எஃப் மாடலின் சிறு விலைக் குறைப்புக்காக இதை இழந்துவிடக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்வேன். முப்பரிமாண ரெண்டரிங் செய்பவர்கள் பிளெண்டர் போன்றவற்றில் அந்த வேலையைக் கார்டுக்கே கொடுத்துவிடலாம். இசைப் பதிவு செய்பவர்களின் நிலை கேமுக்கு நெருக்கமானது: ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து (48 கிலோஹெர்ட்ஸ்), 128 அளவீடுகளை (சாம்பிள்) ஒரு தொகுதியாகக் கையாண்டால் கணக்கு முடிய 2.67 மில்லி நொடிதான் அவகாசம், ஒரே டிராக்கில் வரிசையாகக் கோத்த எஃபெக்ட்டுகளையோ பல கோர்களுக்குப் பங்கிடுவது கடினம்.

ஒப்பீட்டுச் சோதனைகளைப் படிக்கும்போது, வலுவான கார்டை வைத்து 1080பியில் எடுத்த அளவுகளையே பார்த்தேன். 4கே அளவுகளில் எல்லா ப்ராசஸர்களும் ஒன்றுபோலத் தெரிவது கார்டு முட்டி நிற்பதால்தான். சராசரியை விட, மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களின் எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுத்தேன். கடைத்தெருவில் என் கண்ணை உறுத்தியது அதுதான்.

சுற்றியிருப்பவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கோர் ஐ9-13900கே முழுச் சுமையில் 253 வாட் வரை இழுக்க அனுமதி உள்ளது. அதற்கேற்ற கூலர் இல்லாவிட்டால் அது சூட்டில் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ராமை இரண்டு ஸ்டிக்காகப் போட்டு, மதர்போர்டின் தொடக்க அமைப்பு நிரலான பயாஸில், ராமின் வேகத்தை அமைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை இயக்கினால்தான் அது தனக்குரிய வேகத்தில் ஓடும். என் பழைய கம்ப்யூட்டரை அமைத்துத் தந்தவர் ஒரே ஸ்டிக்கைப் போட்டுவிட்டுப் போயிருந்தார், அதை நான் கவனிக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. ப்ராசஸரைப் பொருத்தும் சாக்கெட்டின் ஆயுளும் பணம்தான்: 2017இல் ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் கொண்ட மதர்போர்டு வாங்கிய பலர், பயாஸை மட்டும் புதுப்பித்து 5800எக்ஸ்3டியை அதிலேயே பொருத்திக்கொண்டார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு நான் எடுத்தது எட்டுக் கோர் 7800எக்ஸ்3டி. ஆடும்போது ஏற்படும் தடங்கலை நான் ஒவ்வொரு நொடியும் உணர்கிறேன். எக்ஸ்போர்ட் ஓடும்போது பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருக்கிறேன். எடிட்டிங்கே தொழிலாக இருந்து, பகலில் நாலைந்து முறை எக்ஸ்போர்ட் எடுக்க வேண்டியவனாக இருந்திருந்தால், தயங்காமல் பதினாறு கோர் பக்கம் போயிருப்பேன்.

பொருத்திய அன்று முதலில் அதே கடைத்தெருவுக்குத்தான் போனேன். படம் தங்குதடையின்றி நகர்ந்தது. 720பிக்குக் குறைத்தபோது ஃப்ரேம்கள் மளமளவென்று ஏறின, அதாவது இப்போது முட்டி நிற்பது கார்டு. எக்ஸ்போர்ட்டும் நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டிப் பார்த்தபோது மட்டும் கடைத்தெருவில் பழைய தடங்கல் மெல்லத் தலைகாட்டியது. என்கோடர் எல்லா த்ரெட்டையும் நிரப்புவதோடு, கேமுக்கு வேண்டிய கேச்சையும் தன் தரவால் நிறைத்துவிடுகிறது. டாஸ்க் மேனேஜரில் என்கோடரின் முன்னுரிமையை ஒரு படி இறக்கி, அதை நான்கு த்ரெட்டுக்குள் கட்டிப்போட்டபோது தடங்கல் பெரும்பாலும் நீங்கியது. எக்ஸ்போர்ட் அதனால் மெதுவாகிறது என்பது உண்மைதான். ஆடும் நேரத்தில் அது மெதுவாகவே ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன்.