மின்தடை நாளுக்கென்று ஒரு தனி பேட்டரி

வீட்டில் ஏற்கெனவே ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் கரண்ட் சில சமயம் மாலை ஐந்துக்குத்தான் திரும்பி வருகிறது. அதற்குள் அந்த பேட்டரி ஃபேனை ஓட்டவே திணறிவிடும். எனவே என் வேலை மேஜைக்கு மட்டும் தனியாக ஒரு பேட்டரியும் சின்ன இன்வெர்ட்டரும் வைப்பது என்று முடிவு செய்தேன். லேப்டாப், மானிட்டர், ஃபைபர் பெட்டி, வைஃபை ரூட்டர், இவை ஓடினால் போதும்.

"இருக்கிற பேட்டரி பக்கத்திலேயே புதுசு ஒண்ணைச் சேர்த்துவிட வேண்டியதுதானே" என்று கேட்காதவர்கள் இல்லை. ஐந்து வயதான பேட்டரியையும் புதிதையும் பேரலலாகக் கட்டினால், பழசு தானும் சார்ஜ் பிடிக்காது, புதுசின் ஆயுளையும் குறைத்துவிடும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

பேட்டரிக்கு முன்னால் நான் வாங்கியது, சுவர் பிளக்கில் செருகிப் பார்க்கும் வாட் மீட்டர். லேப்டாப் அடாப்டர் மேல் 65 வாட் என்று போட்டிருக்கிறது. சாதாரண வேலையில் அது இழுப்பது சராசரியாக 40. மானிட்டர் 22, ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் சேர்ந்து 16. மேஜை மொத்தமே 80 வாட்டுக்குள் அடங்கிவிட்டது. ஆனால் அதே மீட்டர், வோல்ட்டையும் ஆம்பியரையும் அப்படியே பெருக்கும் வோல்ட்-ஆம்பியர் கணக்கில் 140 காட்டியது. சின்ன அடாப்டர்களில் பவர் ஃபேக்டரை, அதாவது இந்த வோல்ட்-ஆம்பியரில் எவ்வளவு நிஜ வாட் என்ற விகிதத்தை, சரிசெய்யும் சர்க்யூட் பெரும்பாலும் இருக்காது என்பதால் வரும் வித்தியாசம் இது. பேட்டரி எவ்வளவு நேரம் வரும் என்பதை வாட் வைத்துக் கணக்கிடலாம். இன்வெர்ட்டர் சைஸுக்கு மட்டும் இந்தப் பெரிய எண்ணைப் பார்க்க வேண்டும். நான் எடுத்தது 600 வாட் சைன் வேவ், அதாவது வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலை தருவது. விலை குறைந்த, அலை அவ்வளவு சீராக இல்லாத மாடிஃபைடு சைன் வேவில் அடாப்டர்கள் ஓடும்தான், ஆனால் சூடு அதிகம். சிலவற்றில் இரைச்சலும் வரும்.

இன்வெர்ட்டர் தனக்கென்று தின்பது, மாற்றும்போது சூடாகப் போவது எல்லாம் சேர்த்து பேட்டரியிலிருந்து 100 வாட் போகும் என்று வைத்துக்கொண்டேன். எட்டு மணி நேரத்துக்கு 800 வாட்-அவர். லெட் ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும். ஆகவே 1600 வாட்-அவர் வேண்டும். 12 வோல்ட்டால் வகுத்தால் 133 ஏ.ஹெச். (ஆம்பியர்-அவர்). கடையில் கிடைப்பது 150. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். 12.8 வோல்ட், 100 ஏ.ஹெச். இருந்தால் 1280 வாட்-அவர், அதுவே போதும்.

பேட்டரிக் கடை அண்ணன் பேச்சுக்கே இடம் வைக்கவில்லை. "தம்பி, நூத்தம்பது ட்யூபுலர் எடுத்துக்கோங்க, மாசம் ஒரு தடவை தண்ணி பாருங்க, அவ்வளவுதான்." தினமும் கரண்ட் போகும் வீட்டுக்கு அவர் சொல்வது சரி. லெட் ஆசிட் வகையான ட்யூபுலரின் தடித்த பிளேட்டுகள் அந்த வேலைக்கென்றே ஆனவை. கார் பேட்டரியின் மெல்லிய பிளேட்டுகள் இதற்கு ஆகாது.

ஆனால் என் பேட்டரி மாதத்தில் ஓரிரு நாள்தான் உழைக்கப் போகிறது, மீதி நாளெல்லாம் சும்மா நிற்கும். லெட் ஆசிட் சும்மா நின்றாலும் தேயும். சார்ஜ் தானாக இறங்கும், நம் ஊர் வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். அப்படியே விட்டால் பிளேட்டில் சல்பேட் படிந்து இறுகிவிடும். அதைத் தடுக்க எப்போதும் 13.6 வோல்ட் அளவில் ஃப்ளோட்டில், அதாவது விடாத மெல்லிய சார்ஜில், வைத்திருக்க வேண்டும். அப்புறம் தண்ணீர் குறையும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். லித்தியத்துக்கு இந்த வம்பு இல்லை. பாதி சார்ஜில் மாதக்கணக்கில் கிடந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள ட்யூபுலரை இரண்டாவது மாடிக்கு யார் தூக்குவது என்ற கேள்வியும் இருந்தது. லித்தியத்தையே எடுத்தேன். கை கடித்தது உண்மைதான்.

இணைப்பில் சொல்ல அதிகமில்லை. 16 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், ஒரு மீட்டருக்குள் நீளம், பாசிட்டிவ் முனையை ஒட்டி 60 ஆம்பியர் ஃப்யூஸ். இன்வெர்ட்டர் ஒயரை முதலில் தொடும்போது உள்ளே இருக்கும் கெபாசிட்டர்கள் ஒரே மூச்சில் கரண்டை இழுக்கும், பளிச்சென்று பொறி பறக்கும். அதற்குப் பழைய பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை நடுவில் வைத்து முதலில் தொட்டேன். பல்பு மின்னி அணைந்ததும் நேராக முடுக்கினேன், பொறியே இல்லை. இன்வெர்ட்டர் அவுட்புட்டில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மட்டும்தான். அதை எக்காரணம் கொண்டும் சுவர் சாக்கெட்டில் செருகக் கூடாது. செருகினால் கரண்ட் பின்னோக்கி வெளி லைனுக்கே பாயலாம்; வெளியே லைனில் வேலை செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

சார்ஜ் விஷயத்துக்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன். வீட்டு இன்வெர்ட்டரின் சார்ஜரை இதற்குப் பயன்படுத்தவில்லை. லெட் ஆசிட் சார்ஜர்களில் செல்களைச் சமன்செய்யும் கட்டம் 15 வோல்ட்டைத் தாண்டலாம். லித்தியத்தில் நான்கு செல், செல்லுக்கு 3.65, ஆக 14.6தான் உச்சம். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பாதுகாப்பு சர்க்யூட் இணைப்பை வெட்டிவிடும், ஆனால் அந்தக் கடைசிக் காவலை அன்றாட ஸ்விட்ச்சாக ஆக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. 14.6 வோல்ட், 10 ஆம்பியரில் லித்தியத்துக்கான சார்ஜர் ஒன்று வாங்கினேன். மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோது, வோல்ட் சீக்கிரமே 13.4 வந்து, பிறகு மணிக்கணக்கில் அங்கேயே நின்றது. கடைசியில்தான் சட்டென்று 14.6க்கு ஏறியது. அதனால் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று சொல்லவே முடியாது. நெகட்டிவ் பக்கம் ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் சின்ன ரெசிஸ்டர்) வைத்த மீட்டர் ஒன்று மாட்டிய பிறகுதான், போவதும் வருவதும் ஆம்பியர் கணக்கில் தெரிந்தது.

முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைப்பது லித்தியத்துக்கு அவ்வளவு நல்லதல்ல, வெயில் காலத்தில் இன்னும் மோசம். நல்ல வேளையாக, நாளை எங்கெங்கே மின்தடை என்று பேப்பரில் முன்கூட்டியே வந்துவிடுகிறது. சாதாரண நாளில் 60 சதவீதத்தில் வைத்திருக்கிறேன், அறிவிப்பைப் பார்த்த அன்று ராத்திரி முழுதாக ஏற்றுகிறேன். நாலு, ஐந்து மணி நேரத்தில் நிரம்பிவிடும். பி.எம்.எஸ். செல்களைச் சமன் செய்வதும் உச்சத்துக்கு அருகில்தான் என்பதால் அந்த வேலையும் அன்றே நடந்துவிடுகிறது. சொல்லாமல் போகும் கரண்டுக்கு அந்த 60 சதவீதம் சில மணி நேரம் தாங்கும்.

முதல் பராமரிப்பு நாளில் காலையில் 13.3 வோல்ட்டில் தொடங்கியது, மாலையில் கரண்ட் வந்தபோது 13.1. வோல்ட்டை மட்டும் பார்த்திருந்தால் ஒன்றுமே குறையவில்லை என்று நினைத்திருப்பேன். ஷன்ட் மீட்டர் 41 சதவீதம் மிச்சம் என்றது. போட்ட கணக்கைவிடச் செலவு கொஞ்சம் குறைவுதான்.

அடுத்ததாக ஃபைபர் பெட்டியையும் ரூட்டரையும் இன்வெர்ட்டரிலிருந்து பிரிக்கப் போகிறேன். இரண்டுமே 12 வோல்ட்டில் ஓடுபவை. பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் சரியாக 12 தரும் டி.சி.-டி.சி. மாட்யூல் ஒன்று போதும். லேப்டாப்பை மூடிய பிறகும் இந்த 16 வாட்டுக்காக இன்வெர்ட்டர் தன் பங்குக்கு 9 வாட் தின்றுகொண்டிருக்கிறது. மாட்யூலுக்கு ஆர்டர் போட்டாயிற்று.